கதை விளையாட்டும் மாந்தர்பால் பற்றும்: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' குறித்த ஓர் ஆய்வு

கதைமாந்தர் துன்புறுங்கால் கற்போர் கண்ணீர் வடிப்பதும், அவர் மகிழுங்கால் தாமும் மகிழ்வதும் பண்டுதொட்டுக் காணப்படும் நிகழ்ச்சிகள். உலகில் இல்லாத ஒருவர்பொருட்டு உள்ளவர் ஒருவர் அழுவது ஏன் என்னும் வினாவும் அத்துணைப் பழமையானதே. நாடகத்தையும் காப்பியத்தையும் புதினத்தையும் முன்வைத்து எழுந்த அவ்வினா, காணொளி விளையாட்டு என்னும் புதிய கலைவடிவை முன்வைத்து இன்று மீண்டும் எழுந்துள்ளது. விளையாட்டில் வரும் மாந்தர் இறந்தபோது பல நாள் வருந்தினோம் என்பார் இந்நாளில் பலர். இவ்வருத்தத்தைச் சிறுவர் மயக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயின் எளிதில் தள்ளப்படுவன எல்லாம் ஆராயத் தகாதன ஆகா. அப்பற்று எவ்வாறு தோன்றுகிறது, நூலாலும் நாடகத்தாலும் தோன்றும் பற்றினின்று எவ்வகையில் வேறுபடுகிறது, அதனை இலக்கியச் சுவை எனக் கொள்ளலாமா என்னும் மூன்றையும் ஒரு படைப்பை முன்னிறுத்தி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆய்வுக்குக் கொண்ட படைப்பு

நாட்டி டாக் என்னும் அமெரிக்க நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் விளையாட்டே நாம் எடுத்துக்கொண்டது. நீல் டிரக்மனும் புரூஸ் ஸ்ட்ரேலியும் அதனை நெறிப்படுத்தினர். கதை டிரக்மன் எழுதியது. அதன் இரண்டாம் பாகம் 2020-இல் வெளிவந்தது. முதற்பாகக் கதையைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் எச்.பி.ஓ. வாயிலாக 2023-இல் ஒளிபரப்பாயிற்று.

பூச்சிகளைப் பற்றி வளரும் கார்டிசெப்ஸ் வகைக் காளான் மனித மூளையைப் பற்றினால் உலகம் என்னாகும் என்பது கதையின் புனைவு. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் அந்நோய் பரவும் முதல் இரவில் ஜோயல் என்பான் தன் மகள் சாராவை இழக்கிறான். இருபது ஆண்டுகள் கழிகின்றன. பாஸ்டன் நகரில் கடத்தல் தொழில் செய்து வாழும் அவனிடம், நோய் தொற்றியும் நோயுறாத எல்லி என்னும் பதினான்கு அகவைச் சிறுமியை நாட்டின் மேற்குப் பகுதிக்கு அழைத்துச் செல்லும் பணி வந்து சேர்கிறது. வேண்டாப் பொருளாக வந்தவள் வழிநடையில் மகளாகிறாள். இறுதியில் சால்ட் லேக் நகரத்து மருத்துவமனையில், அவள் மூளையினின்று மருந்து காண்பதற்கு அவள் உயிரையே எடுக்கவேண்டும் என்று அறிந்த ஜோயல், அங்குள்ளாரைக் கொன்று அவளை மீட்கிறான். நடந்ததை அவளிடம் மறைத்துப் பொய்யுரைக்கிறான்.

கதைச்சுருக்கமாக நோக்கின் இதில் பெரும்புதுமை இல்லை. மகளை இழந்தவன் மற்றொரு மகளைப் பெறுவது பல புதினங்களிலும் திரைப்படங்களிலும் வந்துள்ள கருவே. ஆகவே இப்படைப்பு விளைவிக்கும் பற்றின் காரணத்தைக் கதையில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

கண்டுணர்தலும் செய்துணர்தலும்

மெய்ப்பாடு பற்றிய நம் முன்னோர் கருத்து ஈண்டுத் துணைசெய்யும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நடிப்போனிடத்துத் தோன்றும் உணர்வு காண்போனைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு என்பது செயிற்றியனார் கருத்தாக உரையில் எடுத்துக்காட்டப்படுகிறது. இக்கொள்கையில் செய்வோன் ஒருவன், காண்போன் மற்றொருவன். இருவர்க்கும் இடையே உள்ள தொலைவே சுவைக்கு இடமாகிறது. புலியைக் கண்டு அஞ்சுவோன் ஓடுகிறான். அவன் அச்சத்தைக் கூத்தில் காண்போன் ஓடாது அமர்ந்து சுவைக்கிறான்.

விளையாட்டிலோ இத்தொலைவு குறுகிவிடுகிறது. மாந்தரை நடத்துவது விளையாடுவோரின் கை. ஓடு என அவர் பொத்தானை அழுத்தினாலன்றி ஜோயல் ஓடான். ஆயினும் விளையாடுவோர் ஜோயலாகவே ஆகிவிடுவதில்லை. அவன் பேச்சையும் முகக்குறிப்பையும் அவனுக்குப் புறம்பே நின்று காண்கின்றனர். ஆகவே அவர் செய்வோனும் காண்போனும் ஆகிய இருநிலையினர். நூலாலும் கூத்தாலும் வரும் உணர்வைக் கண்டுணர்தல் என்றும், விளையாட்டால் வரும் உணர்வைச் செய்துணர்தல் என்றும் நாம் பிரித்துக் கூறலாம்.

பிறநாட்டார் கொள்கைகளும் இவ்விடத்தில் ஓரளவே பொருந்துகின்றன. கற்பனையை நம்பாமையைக் கற்போர் தாமே விரும்பி ஒதுக்கிவைக்கின்றனர் என்று கோல்ரிட்ஜ் 1817-இல் கூறினார். விளையாடுவோர் நம்பாமையை ஒதுக்குவதோடு அமைவதில்லை, செயலையும் மேற்கொள்கின்றனர். தொலைக்காட்சியில் தோன்றுவாரோடு காண்போர் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்னும் இருவர் 1956-இல் ஆராய்ந்தனர். எல்லியின்பால் கொள்ளும் பற்றும் ஒருதலையானதே. ஆயின் தொலைக்காட்சி காண்போர் தாம் விரும்புவார்க்கு ஒரு குவளை நீரும் எடுத்துக் கொடுத்ததில்லை. விளையாடுவோர் எல்லிக்குப் பலமுறை உதவியுள்ளனர். அவளால் உதவியும் பெற்றுள்ளனர்.

சிறு செயல்களின் ஆற்றல்

எல்லிக்கு நீந்தத் தெரியாது. நீர்நிலை குறுக்கிடும்போதெல்லாம் ஜோயல் நீரில் இறங்கி, மிதக்கும் மரப்பலகை ஒன்றைத் தேடித் தள்ளிவந்து, அவளை அதன்மேல் ஏற்றி அக்கரை சேர்க்கவேண்டும். உயர்ந்த சுவர் வந்தால் அவளைத் தூக்கிவிடவேண்டும். அவள் மேலேறி ஏணியை இறக்கித் தருவாள். இவை கதையை வளர்ப்பன அல்ல. அறிவுக்குக் கடும்புதிர்களும் அல்ல. சலிப்பூட்டுவன என்று இவற்றைக் குறைகூறினாரும் உளர். நம் கருத்தில் இச்சலிப்பே படைப்பின் உயிர்நிலை. குழந்தையை வளர்ப்பார் அன்பு பெருநிகழ்ச்சிகளால் வளர்வதில்லை. ஊட்டுதல், தூக்குதல், கைபிடித்து நடத்துதல் என நாடோறும் மீளும் செயல்களால் வளர்கிறது. அவ்வன்பின் பயிற்சியை இப்படைப்பு விளையாடுவோரின் விரல்களுக்குத் தருகிறது.

இப்பயிற்சி வீணன்று என்பதற்குச் சால்ட் லேக் நகரப் பகுதியே சான்று. கடுங்குளிர்காலத்துக் கொடுமைகளைக் கடந்து வந்த எல்லி அங்குப் பேச்சொடுங்கியிருக்கிறாள். சுவரருகே வழக்கம்போல் அழைத்தால் அவள் உடனே வருவதில்லை; திரும்பிச் சென்று அவளை அழைத்துவரவேண்டும். பலமுறை நிகழ்ந்து கைக்குப் பழகிப்போன ஒன்று அன்று நிகழாமையால், அவள் உள்ளம் நொந்திருப்பது உரையாடலின்றியே உணரப்படுகிறது. பின்னர் அவளை மேலே தூக்கிவிட்டால், ஏணியை முழுதும் இறக்காமல் நழுவவிட்டு ஓடுகிறாள். அஞ்சிப் பின்தொடர்ந்தால், பாழ்பட்ட நகரில் தழை மேயும் ஒட்டகச்சிவிங்கிகளை அவள் வியந்து நோக்கி நிற்கக் காண்கிறோம். அக்காட்சியில் எத்துணை நேரம் வேண்டுமாயினும் நிற்கலாம், விளையாட்டு விரைவுபடுத்துவதில்லை. விளையாடுவோர் தாமாக நகரும்வரை அவ்விருவரும் அங்கேயே நிற்பர். அத்தங்கலின் அளவைப் படைப்போன் வரையறுக்காது விளையாடுவோர் அன்பிற்கே விட்டமை போற்றத்தக்கது.

தூக்கிச்செல்லும் கைகள்

படைப்பின் தொடக்கத்தில் விளையாடுவோர் முதலில் இயக்குவது ஜோயலை அன்று, சிறுமி சாராவையே. இரவில் விழித்துத் தந்தையைத் தேடி வீட்டினுள் அலையும் அவளாகச் சிறிது நேரம் நடந்தபின், காலொடிந்த அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஜோயலாக மாறவேண்டும். சற்றுமுன் தாமாக இருந்தவளையே இப்போது தாம் சுமக்கின்றனர். படைவீரன் ஒருவன் சுட, அவள் இறக்கிறாள். அழுகைக்கு நிலைக்களன் நான்கனுள் ஒன்று இழவு. இவ்விழவு கண்டறியப்பட்டதன்று; கையிலிருந்து பறிபோனது.

இறுதியில் மருத்துவமனையில் மயங்கிக் கிடக்கும் எல்லியை ஜோயல் அதே வகையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். முதலில் ஓடிய ஓட்டத்தை விளையாடுவோர் கைகள் மறவா. காப்பியங்களில் முன்வந்த உவமை பின்னர் மீண்டும் வந்து பொருள்கூட்டுவது போல, இங்குச் செயல் மீண்டும் வந்து பொருள்கூட்டுகிறது.

அதற்குச் சற்றுமுன் நிகழ்வதே இப்படைப்பின் கடுமையான இடம். அறுவை செய்யவிருந்த மருத்துவர் சிறுகத்தியோடு வழிமறித்து நிற்கிறார். அவரைக் கொன்றாலன்றிக் கதை நகராது. கொல்ல விரும்பாதார்க்கு வேறு வழி அமைக்கப்படவில்லை. இதனைக் குறை என்பார் கூறுவது: தேர்வுரிமை தருவதே விளையாட்டின் தனிச்சிறப்பாக, இறுதிக்கட்டத்தில் அதனை மறுப்பது முறையன்று. டெல்டேல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில் கிளமென்டைன் என்னும் சிறுமியைக் காக்கும் லீ, நோய் தொற்றி இறக்கும் தறுவாயில் அவள் தன்னைச் சுடுவதா விட்டுச் செல்வதா என்பதை விளையாடுவோரே தேர்கின்றனர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டலாம்.

இவ்விரு முறையும் இருவேறு பயன் கருதியன. லீயின் கதை, நீ எத்தகைய காவலன் என்று விளையாடுவோரை வினவுகிறது. அதற்குத் தேர்வுரிமை வேண்டும். ஜோயலின் கதையோ, நீ வளர்த்த இப்பற்று உன்னை எங்குக் கொண்டு செலுத்தும் என்று காட்டுகிறது. இருபது ஆண்டு நெஞ்சுநோய் உடையான் ஒருவன் அவ்விடத்தில் வேறு செய்யான். விளையாடுவோர் அதனை உடன்படாதிருக்கலாம், அறியாதிருக்க முடியாது. பல மணிநேரம் அவளைப் பலகையில் ஏற்றிக் கரைசேர்த்த கைகள் அவை. அன்பும் அறமும் முரணும் இடத்தில் அன்பின்பக்கம் நிற்பதன் விலை என்ன என்பதைத் தம் கையால் செலுத்தி அறிகின்றனர். தொலைக்காட்சித் தொடரில் இதே கொலையைக் காண்போர் ஜோயலுக்குத் தீர்ப்புக் கூறலாம். விளையாடியவர் தீர்ப்புக் கூறுமுன் தம் கையை நோக்கவேண்டும்.

முடிவுப்பகுதியில் விளையாடுவோர் ஜோயலினின்று பிரிக்கப்பட்டு எல்லியாக அவன்பின் நடக்கின்றனர். பொய் சொன்னவனாக இருந்தோர் அப்பொய்யைக் கேட்பவளாகின்றனர். ஜோயலின்பால் கொண்ட பற்றைக் கதையே இவ்வாறு புறத்தே நிறுத்தி ஆராய வைக்கிறது. பற்றை உண்டாக்குதலோடு அமையாது, அப்பற்றையே ஆய்வுப்பொருளாக்குதல் உயர்ந்த இலக்கியத்தின் இயல்பு. அவ்வியல்பு இங்கு உளது.

இரண்டாம் பாகத்தின் ஏற்றமும் குறையும்

இரண்டாம் பாகத்தில் அம்மருத்துவரின் மகள் அபி, ஜோயலைக் கொன்று பழிதீர்க்கிறாள். எல்லி அவளைத் தேடிச் சியாட்டில் நகரில் மூன்று நாள் அலைகிறாள். பின்னர் அதே மூன்று நாளை அபியாக விளையாடவேண்டும். வெறுக்கப்பட்டவளை இயக்கவைத்து, லெவ் என்னும் சிறுவனை அவள் காப்பதில் பங்குகொள்ளச் செய்து, அவள்பாலும் பற்று உண்டாக்க முயன்றனர். உயரத்தை அஞ்சும் அவள், வானளாவிய கட்டடங்களிடையே அமைந்த பாலத்தைக் கடக்கும் இடத்தில் அம்முயற்சி வெற்றி பெறுகிறது. அவள் கால் நடுங்குகையில் நடத்துவோர் கையும் தயங்கும். முதற்பாகத்தில் பெயரின்றி மடிந்த பகைவர், இதில் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைத்து இறந்தார்க்காகக் கதறுவதும் ஏற்றமே.

ஆயினும் ஒரு குறை உண்டு. இறுதியில் சான்டா பார்பராவில் எல்லியும் அபியும் பொருதுங்கால், இருவராகவும் வாழ்ந்துவிட்ட விளையாடுவோர்க்கு அப்போரில் விருப்பம் எஞ்சியிருப்பது அரிது. அடிகளைத் தருவது விளையாடுவோர் கையாக, அபியை உயிரோடு விடும் அருட்செயலோ எல்லி தானே செய்யும் காட்சியாக நிகழ்கிறது. வன்மையில் பங்குதந்து அருளில் பங்குதாராமை செய்துணர்தல் என்னும் நெறிக்கே மாறானது. முதற்பாகத்தில் செயல் பற்றினின்று பிறந்தது. இங்குச் செயல் பற்று அற்ற பின்னரும் வற்புறுத்தப்படுகிறது.

இக்குறையை ஈடுசெய்வதுபோல் இறுதிக்காட்சி அமைகிறது. ஜோயல் எல்லிக்குக் கிதார் கற்பித்திருந்தான். அதன் நரம்புகளை விளையாடுவோரே மீட்டும் வகையில் முன்பு பலவிடங்களில் அமைத்திருந்தனர். போரில் இரு விரல் இழந்த அவள் மீண்டும் அதனை எடுக்கையில், விளையாடுவோர் முழுவிரலால் மீட்டினும் இசை சிதைந்தே ஒலிக்கிறது. அவளுக்கும் ஜோயலுக்கும் இடையே எஞ்சியிருந்த தொடர்பு அறுந்தமையைக் கூற அங்குச் சொல் வேண்டப்படவில்லை.

முடிபு

பற்று எல்லை கடப்பதும் உண்டு. அபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லி என்னும் நடிகைக்கு 2020-இல் கொலைமிரட்டல்கள் வந்தன. புனைவையும் உலகையும் பிரித்தறியாத அவ்வெகுளி சுவையன்று, சுவையின் கேடு. தொலைவு குறுகுதல் செய்துணர்தலின் ஆற்றலாவது போலவே அதன் இடராகவும் ஆகும் என்பதற்கு அது சான்று. ஆகவே பற்றின் மிகுதியைக் கொண்டு ஒரு விளையாட்டின் தரத்தை அளத்தல் பிழை. தான் உண்டாக்கிய பற்றை விளையாடுவோர் தாமே திரும்பி நோக்குமாறு செய்கிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலால் அளந்தால், முதற்பாகம் முழுதும், இரண்டாம் பாகம் ஓரளவும் இலக்கியச் சுவை எனத்தக்க உணர்வைத் தருகின்றன என்பது நம் முடிபு. காண்போனையும் செய்வோனையும் வேறாக வைத்து அமைந்த மெய்ப்பாட்டுக் கொள்கை, இருவரும் ஒருவராகும் இக்கலைக்கு எவ்வாறு விரித்துரைக்கப்படல் வேண்டும் என்பது ஆய்வு மாணவர் மேற்கொண்டு நிகழ்த்துதற்குரிய நல்லதோர் ஆராய்ச்சியாகும்.