வெளிச்சம் ஓட்டும் தம்பி

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் பாடகிக்குக் கைதட்டுவோம், டிரம்ஸ்காரர் குச்சியைச் சுழற்றினால் விசிலடிப்போம். சவுண்டு மிக்ஸருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வெளிச்சம் ஓட்டும் தம்பியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அவன் விரல்களைப் பார்ப்பதுதான் கச்சேரி. கையில் இருப்பது ஏழெட்டு எல்இடி பார் விளக்குகளும் அவற்றை இயக்கும், எழுத்து தேய்ந்துபோன ஒரு டிஎம்எக்ஸ் கன்சோலும்தான். வயர் முடிகிற கடைசி விளக்கில் 120 ஓம் ரெசிஸ்டரைத் தானே பற்றவைத்துச் செருகியிருப்பான். சில ரூபாய்ச் செலவு. விளக்குகள் காரணமில்லாமல் துடிப்பது நின்றுவிடும்.

நீலம் மட்டும் பட்டால் நம் முகங்கள் வாடிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் நீலத்தைப் பின்னாலிருந்து தோளிலும் கூந்தல் ஓரத்திலும் வழியவிட்டு, முன்னாலிருந்து கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சத்தைத் தாளிப்புப் போல அளவாகச் சேர்ப்பான். மலிவான விளக்குகள் மங்கும்போது கடைசியில் ஒரு படி தடுக்கி விழும். அந்தத் தடுக்கலைச் சரியாகத் தபேலாவின் முத்தாய்ப்பில் ஒளித்துவைப்பான். புகை மெஷினுக்குக் காசில்லை. சன்னதிப் பக்கமிருந்து சாம்பிராணிப் புகை மிதந்து வந்தால் போதும், கை உடனே பின்விளக்கின் ஃபேடருக்குப் போய்விடும். குத்துப்பாட்டுக்கு எல்லாவற்றையும் மின்னவிடுவது யாருக்கும் வரும். மெலடியின் சரணம் முழுக்க ஒரே நிறத்தில் பொறுத்திருக்க இவனைப் போல் சிலரால்தான் முடிகிறது.