ஜார்ஜியா தடித்த சாய்வெழுத்து

ஜார்ஜியா என்பது மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்காக 1993இல் வடிவமைத்த எழுத்துரு ஆகும். இது 1996இல் வெளியானது. கோடுகளின் முனைகளில் சிறு பட்டை போன்ற நீட்சிகளைக் கொண்ட செரிஃப் வகையைச் சேர்ந்தது. இயல்பு, சாய்வு, தடிப்பு, தடித்த சாய்வு என நான்கு வடிவங்கள் இதற்கு உண்டு. நான்கில் மிக எடுப்பானதும் மிகச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியதும் தடித்த சாய்வே.

தோற்றம்

அச்சில் சாய்வெழுத்து 1500இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூட்டியசின் அச்சகத்தில் தோன்றியது. கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. அந்த மரபு ஜார்ஜியாவிலும் தொடர்கிறது. இதன் சாய்வு, நேரெழுத்தை அப்படியே சரித்தது அன்று, தனியாக வரையப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஆங்கிலச் சிறிய ‘ஏ’ மேல்வளைவின்றி, கையால் எழுதுவது போல ஒற்றைக் கண்ணுடன் அமைகிறது.

கார்ட்டர் முதலில் கணினித் திரையின் புள்ளிகளில் எழுத்துகளை அமைத்து, பின்னரே வெளிக்கோடுகளை வரைந்தார். அக்காலத் திரையில் இயல்பான கோடு ஒரு புள்ளி அகலம் என்றால், அடுத்த நிலை இரண்டு புள்ளிதான். ஆகவே ஜார்ஜியாவின் தடிப்பு, அச்சுப் புத்தகங்களின் வழக்கமான தடிப்பைவிடக் கனமானது.

பொருத்தமான பயன்பாடு

சாய்வு, தடிப்பு இரண்டும் ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் வழிகள். இரண்டையும் ஒருங்கே இட உரிய காரணம் வேண்டும். ஆங்கிலத்தில் நூல், கப்பல் ஆகியவற்றின் பெயர்கள் சாய்வில் இடப்படும். அப்பெயர் தடித்த தலைப்பினுள் வரும்போது தடித்த சாய்வே சரியான தீர்வு. பெரிய அளவில் இடப்படும் குறுந்தலைப்பு, அழைப்பிதழில் ஒரு வரி ஆகியவற்றுக்கும் இது பொலிவு தரும்.

முழுப் பத்திக்கு இது ஏற்றதன்று. சிறிய அளவில் எழுத்துகளின் கண்கள் அடைபடும். எல்லாமே உரக்கப் பேசினால் எதுவும் தனித்துக் கேட்காது. எண் அட்டவணைக்கும் பொருந்தாது. ஜார்ஜியாவின் 3, 4, 5, 7, 9 ஆகிய இலக்கங்கள் வரிக்குக் கீழே இறங்குவதால் நிரல் ஏறி இறங்கித் தெரியும்.

தமிழ்ப் பக்கங்களில்

ஜார்ஜியாவில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு இந்த வடிவத்தைத் தேர்ந்தால், கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதில் சாய்வு வடிவம் இல்லையெனில் நேரெழுத்தையே சரித்துக் காட்டும். அப்போது மெய்யெழுத்தின் புள்ளி வலப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்தை நெருங்குகிறது. தடிப்பு மிகும்போது சுழிகள் அடைபட்டு ‘ன’, ‘ண’ வேறுபாடு மங்குகிறது. ‘மனம்’, ‘மணம்’ ஆகிய இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு சுழியே. புதிதாகப் படிக்கப் பழகும் சிறுவர்க்கு இது வீண் தடை.

ஆகவே தமிழில் நூற்பெயரை மேற்கோள்குறியுள் இடுவதும், தலைப்பை நேரான தடித்த எழுத்தில் இடுவதுமே போதுமானவை. ஜார்ஜியாவின் தடித்த சாய்வு அழகியதே. ஆனால் அது எந்த எழுத்துகளுக்காக வரையப்பட்டதோ அவற்றில்தான் அந்த அழகு நிலைக்கிறது.