கூதிரா, இலையுதிர்காலமா?

ருஷ்யக் கதையோ ஜப்பானியக் கவிதையோ, தமிழுக்கு வருகிறபோது அதிலுள்ள அந்தப் பருவம் 'இலையுதிர்காலம்' ஆகிவிடுகிறது. தப்பில்லை, அங்கே இலை உதிர்கிறது. ஆனால் இந்தச் சொல் மொழிபெயர்ப்புக்குள் நிற்காமல் நம் கவிதைக்குள்ளும் வந்து உட்கார்ந்து, ஐப்பசியில் இலைகளைக் கொட்டவைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இங்கே வடகிழக்குப் பருவமழை. வேலியோரம்கூடத் தழைத்துக் கிடக்கும். வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது மழை ஓய்ந்து மாசி, பங்குனியில்.

ஆங்கிலத்திலேயே இதன் கதை வேறு. அந்தப் பருவத்துக்குப் பழைய பெயர் 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை. அதன் உறவுச்சொல்லான 'ஹெர்ப்ஸ்ட்' ஜெர்மனில் இன்றும் பருவப் பெயர்தான். பிரெஞ்சு வழி வந்த 'ஆட்டம்' அதன் இடத்தைப் பிடித்தது. 16ஆம் நூற்றாண்டில் 'இலை விழும் காலம்' என்றொரு தொடர் வழங்கி, 'ஃபால்' என்று சுருங்கி, அமெரிக்காவில் நிலைத்தது. அறுக்கிறவனின் சொல் போய்ப் பார்க்கிறவனின் சொல் வந்திருக்கிறது. நாம் இரவல் வாங்கியது இந்தப் பார்வையைத்தான்.

'கூதிர் இருக்கிறதே' என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். ஆறு பெரும்பொழுதில் காருக்கு அடுத்தது; தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கொடுத்தது; உரைகாரர் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை. மாதம் பொருந்துகிறதே என்று 'ஃபால்' வருகிற இடத்திலெல்லாம் கூதிரைச் சொருகுவதும் வன்முறைதான். கூதிர் என்றால் குளிர், குளிர்காற்று. நெடுநல்வாடையைப் பாருங்கள். முசுண்டையும் பீர்க்கும் புதர்தோறும் பூக்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு ஏறின கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் நடுங்குகிறார்கள். மாளிகையிலோ வேலையற்ற விசிறி சுருங்கித் தொங்குகிறது, சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. ஒரே கூதிர்தான், உடம்புகள் வேறு. வேம்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பாட்டு அகமா புறமா என்று மல்லுக்கட்டின நம் தமிழ்த்துறைகளுக்கு இந்தக் கோவலர்கள் அவ்வளவாகக் கண்ணில் பட்டதில்லை.

சொல் செத்தும் போகவில்லை. 'கூதலடிக்குது' என்று தெற்கே இன்னும் சொல்கிறார்கள். கூதலும் கூதிரும் ஒரே குடும்பம். விடியுமுன் நாற்றுப் பறிக்கச் சேற்றில் இறங்குகிற பெண்ணுக்கு அது செய்யுள் சொல் ஆகாது, முழங்கால் வலி. நவீன கவிதை 'கூதல்' என்பதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு இலையுதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டது எந்த அழகியல்?

டொராண்டோவில் இருந்துகொண்டு ஓர் ஈழத்தமிழர் 'இலையுதிர்காலம்' என்று எழுதினால், அது அவர் ஜன்னலுக்கு வெளியே நடக்கிறது. மேப்பிள் மரம் சிவக்கிறது, அடுத்தது பனி. அந்தச் சொல்லுக்கு அவரிடம் நியாயம் உண்டு. கும்பகோணத்துக்காரர் எந்த மரம், எந்த மாசம் என்று சொல்லட்டும்.