திகில் படத் தொடக்கக் காட்சியும் மாணவர் படைப்பும்: பார்வைக்கோணம் குறித்த ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் ஏ.எஸ். நிலை ஊடகக் கல்வியில் வகுத்திருந்த செய்முறைப் பணிகளுள் ஒன்று, புதிய புனைவுத் திரைப்படமொன்றின் தலைப்பெழுத்துகளையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடங்களுக்கு மிகாமல் உருவாக்குவதாகும். அதில் திகில் வகைமையைத் தேரும் மாணவர்க்கு ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) தக்கதொரு முன்மாதிரி. அதிலிருந்து எதைக் கற்பது என்பதே வினா.

அப்படத்தின் தொடக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கொலையாளியின் கண்வழியே நகர்கிறது. மிதந்து செல்லும் கேமரா, முகமூடியின் இரு துளைகள், கத்தி ஆகியன எளிதில் பின்பற்றத்தக்கவை. இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் படைப்பு வகைமையின் அடையாளங்களைத் தொகுப்பதோடு நின்றுவிடும். காட்சியின் ஆற்றல் அதன் முடிவில் உள்ளது. முகமூடி அகற்றப்படுகையில் கண்வழிப் பார்வை முறிகிறது. கத்தியுடன் நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன் எனத் தெரிகிறது. அதுவரை அவன் பார்வையையே தம் பார்வையாகக் கொண்டிருந்த பார்வையாளர், அக்கொலையைத் தாமும் உடனிருந்து பார்த்ததை உணர்கிறார்.

இவ்விளைவு திட்டமிடலால் அமைந்தது. ஒரே ஷாட்டாகத் தோன்றும் அக்காட்சியில் வெட்டுகள் மறைக்கப்பட்டுள்ளன. பாழடைந்ததாகக் காட்டப்பட்ட வீட்டைச் சீரமைத்த பின், படப்பிடிப்பின் இறுதியிலேயே அது எடுக்கப்பட்டது. சிறுவனுடையனவாகத் தோன்றும் கைகள் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையவை.

எனவே ஸ்டோரிபோர்டு வரையும் மாணவர் முதலில் இரண்டை முடிவு செய்தல் வேண்டும்: காட்சியைப் பார்ப்பவர் யார், அப்பார்வை எவ்விடத்தில் முறிகிறது. கருவி கையாளும் திறனோடு இம்முடிவையும் மதிப்பிடும்போதே இப்பயிற்சி திரைமொழிக் கல்வியாக அமையும்.