ஆதிக்கமா, ஆட்சியா? பணிக்கரின் நூலும் மட்டாஞ்சேரிச் சான்றும்

சர்தார் கே. எம். பணிக்கர் (1895–1963) 1948 முதல் 1952 வரை சீனத்தில் இந்தியத் தூதராக இருந்தவர். ஆசியாவில் ஐரோப்பியப் பேரரசுகள் சரிந்ததை நேரில் கண்ட அவர், அச்சரிவின் வரலாற்றை 1953இல் 'ஆசியாவும் மேற்கத்திய ஆதிக்கமும்' எனப் பொருள்படும் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1498 முதல் 1945 வரையிலான காலத்தை 'வாஸ்கோடகாமா காலகட்டம்' என அந்நூல் வரையறுக்கிறது.

தலைப்பிலுள்ள 'டாமினன்ஸ்' என்னும் சொல்லை 'ஆட்சி' எனத் தமிழாக்கலாமா? கூடாது என்பதற்குப் பணிக்கரின் சொந்த நாடாகிய கேரளமே சான்று. மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 1555இல் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் புதுக்கினர். 'டச்சு அரண்மனை' என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். இம்மூவர் காலத்திலும் கொச்சி அரசர் அரியணையில் இருந்தார். அம்முடியாட்சி 1949 வரை நீடித்தது. எனினும், அரசுரிமை யாருக்கு என்பதிலும் அயலார் தலையிட்டனர். ஆகவே 'ஆட்சி' மிகை, 'செல்வாக்கு' குறை. பணிக்கர் கருதியது கடல்வலிமை நிலத்தின்மீது செலுத்திய மேலாண்மை. 'ஆதிக்கம்' என்பதே அதற்குப் பொருந்தும்.

நூலின் குறையும் இவ்விடத்தேதான் உள்ளது. கடலிலிருந்து நோக்கும் பணிக்கருக்கு வந்தவர் அனைவரும் ஒரே தொடரின் கண்ணிகள். மொழிச்சான்று அவர்களை வேறுபடுத்துகிறது. மேசை, சன்னல், அலமாரி எனப் போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழ், மலையாள வீடுகளுக்குள் நிலைத்துவிட்டன. 132 ஆண்டுகள் கொச்சியில் இருந்த டச்சுக்காரர் விட்டுச்சென்றவை 'கக்கூசு' முதலிய மிகச் சிலவே. போர்த்துக்கீசியர் உள்ளூரில் மணவுறவு கொண்டனர். அவ்வழியே ஒரு கிரியோல் மொழி தோன்றியது. அவர்கள் கொச்சியை இழந்தது 1663இல்; அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வைப்பினில் மறைந்தது 2010இல்.

1945 என்னும் எல்லை கப்பல்களுக்குப் பொருந்துவது, மொழிக்குப் பொருந்தாது. எனவே இந்நூலைத் தமிழாக்குவோர் தலைப்பில் 'ஆதிக்கம்' என்றே எழுதுவதோடு, அச்சொல் கடல்வலிமையை மட்டுமே குறிக்கிறது என்பதை முன்னுரையில் தெளிவுபடுத்துதல் வேண்டும். பண்பாட்டுக் கலப்பையும் அச்சொல்லுள் அடக்கினால், பணிக்கர் கூறாததை அவர் கூற்றாக ஆக்கியவராவோம்.