தாயின் தொழில்: ஒரு விண்ணப்பப் படிவத்தை வாசித்தபோது

கனடா பி.ஆர். விண்ணப்பத்தில் ஐ.எம்.எம். 5406 என்று ஒரு படிவம் உண்டு. குடும்ப விவரம் கேட்கிற படிவம். அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி, தற்போதைய தொழில். அம்மாவுக்கும் அதே கட்டங்கள். 2018-ல் நான் அதை நிரப்பியபோது அப்பாவுக்கு ஹேண்ட்லூம் வீவர் என்று எழுதினேன். அம்மாவுக்கு ஹோம்மேக்கர். யோசிக்கவே இல்லை. ரெண்டு வினாடி ஆகியிருந்தால் அதிகம்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் அப்பா பக்கத்தில் தறியில் உட்கார்ந்து கரை நாடா போட்டவங்க.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிற கோர்வைச் சேலையை ஒரே நாடாவில் நெய்ய முடியாது. மூணு நாடா வேணும். உடலுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கத்துக் கரைக்கும் ஆளுக்கொண்ணு. உடலின் ஊடை கரையின் ஊடையை ஒவ்வொரு வரிசையிலும் கவ்விப் பிடிக்கணும். நெசவாளர் கை எட்டாத பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொருத்தர் பக்கத்தில் உட்காரணும். ஒரு காலத்தில் இது பிள்ளைகள் வேலை. நானும் நாலாம் வகுப்பு வரை செஞ்சிருக்கேன். பிறகு பள்ளிக்கூடம் முக்கியம்னு என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாங்க. ரெண்டு பேர் கை ஒரே தாளத்தில் போகலைன்னா கோர்வை பல்லு பல்லா தெரியும். சங்கத்தில் சேலையைப் பிரிச்சு பின்பக்கம் பார்க்கிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். கூலியில் பிடிப்பார்.

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதையையும் கவிதையையும் வாசிக்கிற மாதிரி படிவத்தையும் வாசிக்கலாம் என்பது என் கட்சி. யார் பேசுறாங்க, யாரை மனசில் வெச்சுப் பேசுறாங்க, எதைக் கேட்காமல் விடுறாங்க என்று பார்த்தால் போதும்.

நல்லதை முதலில் சொல்லிடறேன். 1962 வரை கனடாவின் குடியேற்ற விதிகள் வெளிப்படையாகவே இனமும் நாடும் பார்த்தவை. 1967-ல்தான் மதிப்பெண் முறை வந்தது. படிப்பு, மொழி, வயது, தொழில் என்று கட்டம் போட்டு, யார் வந்தாலும் ஒரே அளவுகோல் என்றார்கள். இது சின்ன விஷயம் இல்லை. எங்க அப்பா என்ன சாதி, எந்தத் தெரு, யார் சிபாரிசு என்று அந்தப் படிவம் எனக்கு மதிப்பெண் போடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீடு பிடிக்கப் போனால்கூட அதைவிட அதிகம் கேட்பார்கள். என்னை உள்ளே விட்ட கதவைத் திட்டுகிறேன் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம்.

ஆனால் அளவுகோலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. ஃபெடரல் ஸ்கில்ட் வொர்க்கர் பிரிவில் நூற்றுக்கு 67 வாங்கினால்தான் தகுதி. மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, மிச்சம் வேலை உத்தரவுக்கும் அங்கே பொருந்திப்போகும் தன்மைக்கும். திறனாளி என்று பெயர் வைத்த பிரிவில், செஞ்ச வேலைக்குக் கிடைக்கிறது 15. அதுவும் ஆறு வருஷத்தோடு நின்னுடும். ஆறு வருஷ அனுபவம்னாலும் 15, முப்பத்தாறு வருஷம்னாலும் 15. வயதோ 35 வரைக்கும் முழு 12. அதுக்கு மேலே வருஷத்துக்கு ஒண்ணாகக் குறைஞ்சு 47-ல் பூஜ்யம்.

தறியில் கணக்கு நேர் எதிர். அப்பா நல்லா நெய்தது நாற்பதுக்கு மேலேதான் என்று அவரே சொல்வார். பேட்னி போடுறது, அதாவது முந்திக்கு நிறம் மாற்ற வேறு பாவை உடலின் பாவோடு இழை இழையா சேர்க்கிறது, அவருக்குப் பயமில்லாமல் வந்ததே அந்த வயசில்தான். எட்டாம் வகுப்பு படிச்ச ஐம்பது வயசுக்காரராக அவரை அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு பூஜ்யம், படிப்புக்கு பூஜ்யம், மொழிக்கு பூஜ்யம், அனுபவத்துக்கு 15. உண்மையில் அந்த 15-ம் கிடைக்காது. மொழித் தேர்விலும் பள்ளிப்படிப்பிலும் குறைந்தபட்சம் தாண்டாதவருக்குக் கூட்டல் கணக்கே போட மாட்டாங்க.

கனடா எல்லாத் தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் கொடுத்திருக்கிறது. ரெண்டாவது இலக்கம்தான் திறனின் படிநிலை. 3 வரைக்கும் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் வரலாம். 4, 5 என்றால் முடியாது. கைவினைஞர்களுக்கு 53124. மில்லில் நெய்கிறவர்களும் பின்னுகிறவர்களும் 94131. ஆக நெசவு என்ற ஒரே சொல்லுக்கு நடுவில் கோடு போயிருக்கிறது. கைத்தறிக்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், திறனாளிதான். இதைப் பார்த்து நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். இந்தியாவில் பலரும் கைத்தறியைப் பாவம் என்று பார்ப்பார்களே தவிர, திறன் என்று எண் கொடுத்து வைக்க மாட்டார்கள்.

பிறகு ஆதாரப் பட்டியலைப் படித்தேன். சந்தோஷம் போயிடுச்சு. முதலாளி தரும் கடிதம், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் என்ன, கடமைகள் என்ன. ஒரு வருஷத்துக்குக் குறைந்தது 1,560 மணி நேரம், கூலி வாங்கிச் செஞ்ச வேலையாக இருக்கணும். அப்பாவிடம் இருப்பது சங்கத்துப் பாஸ்புக். சேலை எண், கூலி, பிடித்தம். மணிக்கணக்கு எங்கேயும் இல்லை. தறி எங்களோடது, பட்டும் ஜரிகையும் சங்கத்தோடது. அப்ப அவர் தொழிலாளியா, சுயதொழில் செய்பவரா? இந்தக் கேள்விக்கு எங்க தெருவில் யாரிடமும் பதில் இல்லை, அங்கே யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. அவங்க கேட்பது "வேலை தெரிஞ்சவரா?" என்பதுதான். அதுக்குச் சேலையைப் பிரிச்சுக் காட்டினால் போதும்.

அம்மாவுக்கு அந்தப் பாஸ்புக்கும் இல்லை. ஒரு சேலைக்கு ஒரு கூலி, ஒரு பெயர். ரெண்டு பேர் கை இல்லாமல் நெய்யவே முடியாத சேலைக்கு ஒருத்தர் பெயரில் மட்டும் கணக்கு. இந்தத் தப்பைக் கனடா தொடங்கி வைக்கவில்லை. நாங்க எப்பவோ செஞ்சு வெச்சதை அவங்க படிவம் அப்படியே நகல் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

என் கடிதம் எப்படி வந்தது என்பதையும் சொல்லணும். நான் மென்பொருள் சோதனை செய்கிறவன். கடமைகளை எழுதித் தர என் நிறுவனத்துக்கு நேரமில்லை, நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன் என்றார் மேலாளர். தொழில் எண்ணின் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, அதிலுள்ள கடமைகளை வார்த்தை மாற்றி எழுதினேன். அப்படியே நகல் எடுக்கக் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது. விண்ணப்பித்த எல்லாருக்கும் இந்தக் கலை தெரியும். பொய் ஒண்ணும் இல்லை, நான் செஞ்ச வேலைதான். ஆனால் அந்தக் கடிதம் என் திறனைக் காட்டவில்லை, கடிதம் எழுதத் தெரியும் என்பதைக் காட்டியது. அப்பாவின் திறனைப் பார்க்க ஆறு கெஜம் சேலை இருக்கு. என்னுடையதைப் பார்க்க ஒண்ணுமே இல்லை, காகிதம் மட்டும்தான். அந்த அளவுகோலில் நான் திறனாளி, அவர் இல்லை.

கையில் தொழிலோடு நிரந்தரமாகக் குடியேற வந்தவர்களைப் பற்றிப் பழைய ஆவணங்கள் என்ன சொல்கின்றன என்று தேடினேன். இந்தியாவில் இதற்குப் பேர் போனது மந்தசோர் கல்வெட்டு. ஐந்தாம் நூற்றாண்டு. லாடம் என்ற தென் குஜராத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் குழு, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் தசபுரத்துக்குக் குடும்பத்தோடு போய்க் குடியேறியது. கி.பி. 437 வாக்கில் சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். 473-ல் பழுது பார்த்தார்கள். அதற்காக வத்ஸபட்டி என்ற கவிஞரை வைத்து சமஸ்கிருதத்தில் எழுதிக்கொண்டார்கள். போன இடத்தில் சிலர் வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் ஜோதிடம், சிலர் கதை சொல்வது, சிலர் நெசவிலேயே நின்று பேர் வாங்கினார்கள் என்று அது சொல்கிறது. பட்டு உடுத்தாமல் எந்த அழகும் நிறையாது என்று நடுவில் விளம்பரமும் உண்டு. எனக்கு இதில் பிடித்தது, யார் பேசுகிறார்கள் என்பது. விண்ணப்பம் போடுகிற குரல் இல்லை. நாங்கள் வந்தோம், கட்டினோம் என்று வந்தவர்களே சொல்கிறார்கள். வந்த பிறகு தொழிலை மாற்றிக்கொண்டதை மறைக்கவும் இல்லை.

எங்க ஊரிலும் ஒண்ணு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. கச்சிப்பேடு என்ற காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பில் கம்புளான்பாடி, கஞ்சகப்பாடி முதலான நெசவாளர் குடியிருப்புகள் வருகின்றன. குடியேறிய கதை இதில் இல்லை. தறிக்காரர்களை நம்பி ஊர் கோயில் கணக்கைக் கொடுத்தது என்பது இருக்கிறது. எங்க தெருவில் இன்றைக்கும் சில வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். பட்டு கர்நாடகத்திலிருந்து வருது, ஜரிகை சூரத்திலிருந்து வருது. காஞ்சிபுரத்துக்குச் சொந்தம் என்று இருப்பது கை மட்டும்தான்.

பழசு எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் கூட்டி வந்து குடியேற்றிய இடம் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படி ஆனது என்பார்கள். நெய்கிறவர், நூற்கிறவர், துணியில் வண்ணம் எழுதுகிறவர், வெளுக்கிறவர் என்று சேர்த்தே வைத்தார்கள். கோயில் பூசைக்கும் ஆட்கள் வைத்தார்கள். தனியாக ஒரு நெசவாளர் வந்தால் வேலை நடக்காது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. முன்பணம் கொடுத்து அந்த ஆளை வேறு வியாபாரிக்கு நெய்ய விடாமல் கட்டிப்போடவும் அதற்கு நல்லாவே தெரியும். அதோடு ஒப்பிட்டால் என் பி.ஆர். அட்டை சுதந்திரம். வேலையை விட்டாலும் என்னை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

ஆனால் திறன் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளோடு சேர்ந்தது என்பது மூணு ஆவணத்துக்கும் தெரிந்திருக்கிறது. தனி ஆள், தனிப் பாஸ்போர்ட், தனி மதிப்பெண் என்று வந்த என் படிவத்துக்குத்தான் அது தெரியவில்லை.

ஒரு வழி இருந்தது. கலை, பண்பாட்டுத் துறையில் சுயதொழில் செய்பவர்களுக்கென்று தனிப் பிரிவு. அதில் தேர்ச்சிக்கு 35, அனுபவத்துக்கு மட்டுமே அதிகபட்சம் 35. கைத்தறிக்காரர் காகிதக் கணக்கிலாவது தேறக்கூடிய ஒரே இடம். 2024 ஏப்ரல் 30-லிருந்து அதில் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஸ்கார்பரோவில் என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதையெல்லாம் ஒரு நாள் புலம்பினேன். "எங்களிட்ட ஒருத்தரும் மார்க்ஸ் கேக்கேல்லை தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் 1980களில் அகதியாக வந்தவர். அதுக்கு மேல பேச எனக்கு வாய் வரலை.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா ஸ்கார்பரோவுக்கு வந்து அதே தறியில், அதே ஜரிகையில் நெய்தாலும் அது காஞ்சிபுரம் பட்டு ஆகாது. சட்டம் சரிதான், போலிக்கு எதிரான சட்டம். இருந்தாலும் சேலைக்கு உலகம் முழுக்க விசா இருக்கு.

இப்போ ஊரில் இருக்கேன். தறிக்குழி மேல் பலகை போட்டு ஃப்ரிட்ஜ் வெச்சிருக்காங்க. ரெண்டு பேரையும் அடுத்த வருஷம் விசிட்டுக்குக் கூட்டிப்போக விசா விண்ணப்பம் நிரப்புகிறேன். கடந்த பத்து வருஷத்தில் என்ன வேலை செஞ்சீங்க என்று அதிலும் ஒரு கட்டம். அம்மாவுக்கு இந்தத் தடவை வீவர் என்று அடிச்சேன். அடுத்த கட்டம், நிறுவனத்தின் பெயர்.

"ஹவுஸ்வைஃப்னே போடுப்பா. ப்ரூஃப் கேட்டா எங்க போவே?"

"இல்லம்மா, யார்கிட்ட வேலை செஞ்சீங்கன்னு கேக்குது."

"அப்ப உங்கப்பா பேரைப் போடு" என்று சிரிச்சாங்க. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு, விண்ணப்பம் சேவ் ஆகி நிக்குது.