மருந்தும் செக்ரோலும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கிறார். உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கினையும் மீண்டும் நந்நான்காக விரித்துரைக்கிறார். நோயுற்றவனுக்கு வேண்டிய நான்கனுள் அவர் முதலில் வைப்பது யாது? பொருளுடைமை! மருத்துவன் சொற்படி நிற்றலும், நோயின் நிலையை எடுத்துரைத்தலும், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இதற்காகப் பரிமேலழகரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தம் காலத்துச் சமுதாயத்தில் கண்டதையே அவர் எழுதினார். பொருளில்லாதவன் நோயாளியாகவும் இருக்கத் தகுதியற்றவன் என்பதே அன்றைய உலகியல். ஆனால் அந்த ஒரு சொல்லை மருத்துவத்தின் இலக்கணத்திலிருந்து நீக்குவதற்கு இருபதாம் நூற்றாண்டின் உழைக்கும் மக்கள் நடத்திய போராட்டம் சிறிதன்று. பிரித்தானியாவில் 1948இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. நமது நாட்டில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து குடிசை குடிசையாகச் சென்றனர். வாக்குரிமையும் அக்கொடிய அனுபவமும் சேர்ந்தே அரசாங்கத்தை அசைத்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியத்தை எய்திய நாடுகளுள் ஒன்றென 1985இல் உலக அறிஞர்கள் இலங்கையை எடுத்துக்காட்டினர். நாமும் வகுப்பறையில் இப்பெருமையை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆயின், பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் வந்து நம்முன் அமர்ந்திருக்கும் மாணவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது நமக்கு நாணம் உண்டாகிறது. பொருளுடைமை என்ற சொல் அவர்களுடைய லயங்களில் உண்மையாகவே நீங்கிவிட்டதா?

தோட்டத்து மருத்துவத்தின் வரலாற்றை அதன் சட்டங்களிலிருந்தே படிக்கவேண்டும். குடியேறிய கூலிகளின் மருத்துவத் தேவைக்கென 1872இல் ஒரு சட்டம் வந்தது. 1912இல் அது மருத்துவத் தேவைகள் சட்டமாக விரிவுபெற்றது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளியைப் பற்றித் துரை அறிந்திருத்தல், கடும் நோயாயின் வைத்தியருக்கு அறிவித்தல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் என அதன் பிரிவுகள் மனிதாபிமானம் நிறைந்தவை போலத் தோன்றும். ஆயினும் ஒரு நூலைத் திறனாய்வோர் அதன் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று முதலில் கேட்கவேண்டும் அல்லவா? இச்சட்டத்தின் எழுவாய் துரை, செயப்படுபொருள் தொழிலாளி. மனிதன் நோயுறுகிறான், ஆகவே அவனுக்கு மருந்து என்று அது சொல்லவில்லை. கூலி நோயுற்றால் வேலை கெடும், ஆகவே துரை கவனிக்கவேண்டும் என்றே சொல்கிறது. காளைக்கு வைத்தியம் பார்க்கும் வண்டிக்காரனின் கருணை இது.

கட்டணம் ஒழிந்த 1951இல் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிவிட்டது. நாட்டின் சுகாதார சேவை மலையளவு வளர்ந்த பதிற்றாண்டுகளில், நாட்டின் செல்வத்தை விளைவித்தோர் வாக்கற்றவராய் அதன் வாசலில் நின்றனர். வாக்கில்லாதவன் ஊருக்கு வைத்தியசாலை கேட்க எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து நிற்பார்? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோர் அனைவருக்கும் பிரசாவுரிமை உறுதிப்பட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

இதற்கிடையில் எசமானர்கள் மாறினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சில 1990களில் அரசின் பொறுப்புக்கு வந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. அரசாங்க மருத்துவிச்சி இன்று லயத்து வாசலுக்கு வருகிறார். கர்ப்பிணிகள் கிளினிக் செல்கின்றனர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்கிறது. இவை போற்றத்தக்க முன்னேற்றங்களே. ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டத்துறையில் 32 பேராக இருந்தனர். தாய் உண்ணாத சோற்றை ஊசியால் ஈடுசெய்ய முடியாது.

தாய்க்கும் சேய்க்கும் வழி ஓரளவு திறந்தது. நாள்தோறும் மலையேறி உழைக்கும் நடுவயதினருக்கு என்ன உண்டு? பல தோட்டங்களில் அவர்களுக்கு முதலில் கிட்டுவது இன்றும் தோட்டத்து டிஸ்பென்சரிதான். அங்கிருப்பவர் பட்டம்பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர். ஒருவரே பல தோட்டங்களைக் கவனிப்பதும் உண்டு. அந்த வாசலிலும் பெயர் செக்ரோலில் இருக்கிறதா என்ற கேள்வியே முதலில் வருகிறது. வள்ளுவர் கண்ட நான்கு உறுப்புகளோடு தோட்டம் ஐந்தாவதாகச் செக்ரோலைச் சேர்த்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்வோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் தாய், வயது நாற்பத்தேழு, நீரிழிவு நோயாளி. செக்ரோலில் நிரந்தரப் பெயராக இருந்தவர், சில காலமாகக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறார். பெயர் போனதும் டிஸ்பென்சரியில் பேச்சின் தொனி மாறிற்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மருந்து இலவசந்தான். ஆனால் கிளினிக் நாளில் மலைக்குப் போகமுடியாது. போகாத நாளுக்குக் கூலியில்லை. 2024இல் 1350 ரூபாவாகிய நாட்சம்பளமும் நிரந்தரத் தொழிலாளிக்கு உரியது. அவருக்குக் கிலோக் கணக்கே. பஸ் நிற்கும் சந்தி வரை ஓட்டோவுக்கு வேறு கொடுக்கவேண்டும். ஆகவே ஒரு மாதத்து மாத்திரையை உடைத்து இரண்டு மாதத்துக்கு விழுங்கினார். 2022இல் அரசாங்க மருந்தகங்களில் மருந்து தட்டுப்பட்டபோது அரை மாத்திரையும் இல்லாமற் போயிற்று.

பின்னர் தாயின் கொப்பியைக் கொண்டு மகன் கிளினிக் செல்லத் தொடங்கினான். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வகுப்புக்கு வருவதில்லை. வரவுப் பதிவேட்டில் நாம் சிவப்பு மையால் குறியிட்டோம். ஒருமுறை வகுப்பின் நடுவே கடிந்தும் கொண்டோம். உண்மை தெரிந்தபோது, தாயின் பெயரை வெட்டிய செக்ரோலுக்கும் மகனின் பெயருக்கு நேரே கோடிட்ட நமது பதிவேட்டுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி நம்மை விடவில்லை.

ஆசிரியராகிய நமக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. மாணவருக்கென 2017இல் சுரக்ஷா காப்புறுதி தொடங்கப்பட்டது. கற்பிப்பவனுக்கு ஒன்று, கற்பவனுக்கு ஒன்று. இருவரும் தேநீர் அருந்தக் கொழுந்தெடுப்பவளுக்கோ செக்ரோலின் தயவு! செல்வம் மிக்க அமெரிக்காவிலும் மருத்துவப் பாதுகாப்பு வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், உழைத்தும் ஏழையாயிருப்போர் பலர் அதற்கு வெளியே நிற்கின்றனர். மருந்தை வேலையோடு கட்டினால், வேலை தளரும்போது மருந்தும் அவிழ்ந்துவிடும் என்பதே இவ்விரு நாடுகளும் தரும் பாடம்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறதே என்பர் சிலர். திறந்த கதவுக்கும் நோயாளிக்கும் இடையே பன்னிரண்டு மைல் மலைப்பாதையும், ஒரு நாட்கூலியும், தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய துண்டும் இருக்குமாயின், அக்கதவைத் திறந்தது என்று எவ்வாறு கூறுவது? கம்பனிகள் செய்யும் செலவை அரசு ஏன் ஏற்கவேண்டும் என்று கேட்போரும் உளர். 1912ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுமதியாகும் தேயிலைமீது தீர்வை விதித்து மருத்துவச் செலவுக்கு வழி கண்டது. வெள்ளைக்கார ஆட்சிக்கு இயன்ற அவ்வழி நமது குடியரசுக்கு இயலாதா? பொறுப்பு அரசினுடையதாகவும் செலவில் பங்கு தேயிலையினுடையதாகவும் இருக்கட்டும்.

தோட்ட வீதிகளில் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் நீக்கப்பட்டது. வீதிக்குக் கிடைத்த நீதி மருந்துக்கும் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு டிஸ்பென்சரியும் அரசாங்க வைத்தியர் வந்து போகும் பொது மருத்துவ நிலையமாகட்டும். மாலையிலும் ஞாயிறிலும் திறக்கட்டும். தமிழில் பேசும் ஒருவர் அங்கே இருக்கட்டும். அவ்வாறாயின் தோட்டத்தின் எல்லையில் குரக்கனும் மரக்கறியும் பயிரிட்டு வாழும் சிங்கள விவசாயியும் அதே வாசலுக்கு வருவான். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையே அந்நியராட்சி நட்ட வேலியை மேடைப் பேச்சுகளை விட ஒரு பொது மருத்துவ நிலையம் விரைவில் பிடுங்கும்.

தொழிற்சங்கங்களையும் எழுத்தாளரையும் நாம் ஒன்று கேட்போம். சம்பள உயர்வுக்காக எழும் குரலில் மருந்துக்கான குரல் ஏன் இத்துணை மெல்லியதாக இருக்கிறது? நமது கதைகளில் நோயாளி கம்பளியில் சுமக்கப்படுகிறான், வழியில் இறக்கிறான், வாசகன் கண்ணீர் வடிக்கிறான். அந்த ஆஸ்பத்திரி யாருடையது என்று கதை கேட்பதில்லை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவல், 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. முறையான மருத்துவரின்றிக் கம்பவுண்டர் கையில் உயிர்கள் விடப்பட்ட கொடுமையை அது காட்டுகிறது. மருத்துவர் எழுதியதனால், சாவு அங்கே விதியாக வரவில்லை. நிர்வாகத்தின் கணக்காக வருகிறது. ஊவாவின் டிஸ்பென்சரியைப் பற்றி அத்தகைய நாவல் நம்மிடமிருந்து வரவேண்டும்.

மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை 2023இல் விழாவாகக் கொண்டாடினோம். விழாப் பந்தல்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. அடுத்த முறை மருந்து அதிகாரத்தை நடத்தும்போது, பரிமேலழகரின் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கோடிட்டு வெட்ட விரும்புகிறோம். நமது சுண்ணக்கட்டி இட்ட கோடு பசறை மலையிலும் உண்மையாக வேண்டுமாயின், செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பில் வெறுமையாகும் அந்த ஆசனங்களை எண்ணத் தொடங்குவோம். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எடுக்கும் அந்தக் கணக்கே நமது முதல் மனுவாகட்டும்.